விழிப்புணர்வு முகாம் வேண்டாம், கிணற்றுச் சுவரைப் பாருங்கள்: காலநிலைக் களப்பணி பற்றி வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்தவை 30 கடிதங்களுக்கு மேல். பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்து. ஒரே கேள்வியை ஐந்தாறு பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். போன முறை பதில் சொன்னதையே மறுபடி கேட்டவர்கள் பழைய பதிலைத் தேடிப் படிக்கட்டும்.

பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். மக்களோடு சேர்ந்து செய்யும் காலநிலை வேலைகளுக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) கட்டாயமா? (வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி)

கட்டாயமில்லை. பெரிய நிறுவனங்களும் அரசுத் திட்டங்களும் விளம்பரத்தில் எம்.எஸ்.டபிள்யூ. அல்லது ஊரக வளர்ச்சி என்று போட்டுவிடுகிறார்கள். அது இல்லாத விண்ணப்பத்தை முதல் சல்லடையிலேயே தள்ளிவிடுவார்கள். சிறிய நிறுவனங்கள் உங்களுக்கு எத்தனை ஊர் தெரியும் என்றுதான் பார்க்கும். அதனால் முதலில் வேலையில் சேருங்கள், அப்புறம் இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாக எம்.எஸ்.டபிள்யூ. படித்துக்கொள்ளலாம். ஊரக வளர்ச்சியை நேரில் படிக்க வசதி இருந்தால் திண்டுக்கல் பக்கம் காந்திகிராம ஊரகப் பல்கலைக்கழகம் நல்ல இடம்.

தாவரவியலைக் குறைவாக நினைக்காதீர்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஊரின் செடிகொடி, உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அதைத் தயாரிக்கும்போது ஊர்ப் பெரியவர் சொல்லும் செடிப் பெயருக்குத் தாவரவியல் பெயர் எழுதத் தெரிந்த ஆள் கிடைப்பதே அபூர்வம். உண்ணிச்செடி, சீமைக் கருவேலம் போன்ற அந்நியச் செடிகளை அகற்றும் வேலைகளிலும் உங்களுக்கு இடம் உண்டு.

ஐயா, வேலை இருந்தா சொல்லுங்க. (பெயர் இல்லை, ஊர் இல்லை, படிப்பு இல்லை)

இருக்கிறது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்துக்கு முயற்சி செய்யலாமா? அது அரசு வேலையா? (எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், அரூர்)

அரசு வேலை இல்லை. இரண்டு ஆண்டுத் திட்டம், மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியர்தான் தலைமை, மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். இவர்களோடு இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து வேலை பார்த்தால் ஒரு கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்குகிறது என்று தெரிந்துவிடும். எந்தப் பல்கலைக்கழகமும் அதைச் சொல்லித் தராது. அறிவிப்பு வரும்போது தகுதி, வயது வரம்பை மூலத்திலேயே படியுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் சுருக்கத்தை நம்ப வேண்டாம்.

என் வழக்கமான எச்சரிக்கை: நியமனக் கடிதத்தில் சம்பளத்தைப் பார்க்கும் முன் திட்டம் முடியும் தேதியைப் பாருங்கள்.

12 ஆண்டுகளாக மகளிர் குழு ஊக்குநராக இருக்கிறேன். பிளஸ் டூதான். இந்தத் துறையில் எனக்கெல்லாம் இடம் உண்டா, சார்? (பென்னாகரம் வட்டம்)

உங்களுக்கு இல்லாமல் யாருக்கு அம்மா? தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு என்ற ஏற்பாடே நம் தர்மபுரியில்தான் தொடங்கியது. 1989, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் இதே மாவட்டம். தீர்மானப் புத்தகம் எழுதுவது, வராதவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது, கடன் கட்டாதவரிடம் சண்டை போடாமல் பேசுவது எல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை. முதுகலை முடித்து வரும் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஓர் ஆண்டு ஆகிறது.

மகளிர் திட்டத்தில் சமுதாய வளப் பயிற்றுநர் வாய்ப்பு வரும்போது விடாதீர்கள். மழைநீரையும் மண்ணையும் காக்கும் நீர்வடிப்பகுதித் திட்டம் நடத்தும் நிறுவனங்களும் நபார்டு (வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி) உதவி பெறும் திட்டங்களும் உள்ளூர் ஆட்களைத்தான் தேடுகின்றன. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் நடக்கும் பயிற்சிகளுக்குப் போய்ச் சான்றிதழை வாங்கி வையுங்கள். வீட்டுப் பீரோவில் பூட்டி வைக்காமல் விண்ணப்பத்தோடு இணையுங்கள். உங்களுக்கும் அதே எச்சரிக்கைதான்: திட்டம் முடியும் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் களப்பணி கிடைத்திருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தால் போதுமா? (அரூர்)

பேருந்தில் டிக்கெட் வாங்கப் போதும். தளி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஊர்கள் நிறைய. கூட்டத்தில் உங்களோடு தமிழில் பேசுவார்கள், உங்களைப் பற்றித் தெலுங்கில் பேசுவார்கள். ஆறு மாதத்தில் காது பழகிவிடும். யானை நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் மாலைக் கூட்டத்தை ஐந்து மணிக்குள் முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

எங்கள் ஒன்றியத்தில் 20 ஊர்களில் காலநிலை மாற்ற விழிப்புணர்வு முகாம் நடத்தப் போகிறோம். பவர்பாயிண்ட்டில் என்னென்ன காட்டலாம்? இதை அனுபவமாக விண்ணப்பத்தில் போடலாமா? (இளைஞர் குழு, ஊத்தங்கரை)

எழுதியது ஊத்தங்கரையிலிருந்து. அதுதான் என்னை உலுக்கியது.

தம்பிகளே, 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, உங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. பக்கத்தில் அரூரில் 30க்கு மேல். நம் மாவட்டங்களில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே 85, 90 சென்டிமீட்டர்தான். பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகள் வெள்ளத்தில் உருண்டு போனதை நாடே பார்த்தது. அந்த மக்களிடம் போய் 'வானிலை மாறுகிறது, உங்களுக்குத் தெரியுமா?' என்று ஸ்லைடு போட்டுக் கேட்கப் போகிறீர்களா?

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். இருபது ஆண்டுகள் இருக்கும். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு குக்கிராமம். படச்சுருளைக் கோயில் திண்ணையில் விரித்துப் பனி உருகுகிறது, கடல் ஏறுகிறது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். கடல் மட்டத்துக்கு 800, 900 மீட்டர் மேலே இருக்கிற ஊர் அது. எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் ஒரு பெரியவர், 'கடல் இவ்வளவு தூரம் ஏறி வரும்போது நாங்க இருக்க மாட்டோம் சார். போர் தண்ணி பத்தி ஏதாவது படம் வச்சிருக்கீங்களா?' என்று கேட்டார். இல்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

மறுபடி அந்த ஊருக்குப் போக எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த முறை அதே பெரியவர் என்னைத் தன் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். உள்சுவரில் படிப்படியாகக் கறைக்கோடுகள். இது மகள் கல்யாணத்தப்போ, இது சின்னவன் பத்தாவது எழுதினப்போ என்று ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். அடிக்கோட்டுக்குக் கீழே வெறும் பாறை. கிணறு கைவிட்ட பிறகு ஆழ்துளைக் கிணறு, அது வற்றினால் இன்னும் ஆழம். நம் பாறை மண்ணில் ஆழத்துக்குப் போகப் போக ஃப்ளோரைடு கூடவே வரும் வாய்ப்பு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே ஃப்ளோரைடு பல்லில் ஏற்றும் கறைக்காகத்தான். காலநிலை, நிலத்தடி நீர், குழந்தையின் பல் என்று மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பேச அந்தக் கிணற்றடியைவிட நல்ல வகுப்பறை உண்டா?

இன்னொரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். கணக்கெடுப்பு. உள்ளூர்ப் பையன்களைப் பிடித்து, படிவத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, கையில் டேப்லெட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். 90 கேள்விகள். ஒரு வீட்டுத் திண்ணையில் அந்த அம்மா ராகி புடைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். அறிக்கை ஏதோ ஒரு நகரத்தில் குளிர்சாதன அறையில் வெளியாகிறது. அதில் ஒரு பக்கம்கூட அந்த ஊருக்குத் திரும்பி வருவதில்லை. மூன்றாவது குழு போகும்போது அந்த அம்மா கதவைச் சாத்துகிறார். அப்போது அறிக்கையில் 'மக்கள் பங்கேற்பு குறைவு' என்று எழுதுகிறார்கள்! எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லி வம்பை வாங்கப் போவதில்லை. ஒன்றிரண்டு அல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். 20 ஊர் வேண்டாம், இரண்டு ஊர் எடுங்கள். பேனர் காசை மிச்சம் பிடியுங்கள். அன்று தண்ணீர் எந்த வாய்க்காலில் ஏறி எந்தத் தெருவுக்குள் வந்தது என்று ஊர்க்காரர்களையே சாணித் தரையில் கோலமாவால் வரையச் சொல்லுங்கள். எந்த ஏரியின் வரத்துக் கால்வாயில் கட்டடம் நிற்கிறது என்று அவர்களே காட்டிக்கொடுப்பார்கள். ராகியும் அவரையும் எப்போது விதைத்தார்கள், இப்போது எப்போது விதைக்கிறார்கள் என்று மாதவாரியாகக் குறியுங்கள். அதை ஒரு தீர்மானமாக எழுதிக் கிராம சபையில் வையுங்கள். 2022இலிருந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், உங்கள் விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. தீர்மானம் நிறைவேறிய பிறகும் போங்கள். என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

விண்ணப்பத்தில் போடலாமா என்று கேட்டீர்கள். '20 முகாம், 2,000 பயனாளிகள்' என்று எழுதியிருந்தால் நான் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவேன். 'ஒரே ஊருக்கு 14 முறை போனேன், வரத்துக் கால்வாய் அளவெடுக்கத் தீர்மானம் போட வைத்தோம்' என்று இருந்தால் அன்றைக்கே போன் பண்ணுவேன்.

ஓசூரில் தொழிற்சாலையில் பொறியாளர், எட்டு ஆண்டு அனுபவம். சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பிரிவுக்கு மாற முடியுமா?

முடியும், ஆனால் இடங்கள் சொற்பம். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே கம்பெனிக்குள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், வேலை முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே நடக்கும். சனி, ஞாயிறில் அப்படி ஒரு நிறுவனத்தோடு ஏரி வேலைக்குப் போய்ப் பாருங்கள். தென்பெண்ணையின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அந்த ஆறு பற்றி வேலை செய்ய உங்களுக்குப் பொறியியல் கைகொடுக்கும். சம்பளம் பாதியாகும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொண்டு நிறுவனங்களில் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு? (காவேரிப்பட்டணம்)

களப்பணியாளருக்கு 15, 20 ஆயிரம், ஒருங்கிணைப்பாளருக்கு 25, 30 என்றுதான் நான் பார்த்த வரையில். பணம் கொடுப்பவர்கள் மரக்கன்றுக்கும் தடுப்பணைக்கும் கொடுப்பார்கள், ஊரோடு பேசும் ஆளுக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். போதாததற்கு, 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்துக்கு அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதும் நின்றது. அடி வாங்கியது கிராமத்துச் சிறு அமைப்புகள். பெட்ரோல் படியைத் தனியாகப் பேசி வாங்குங்கள், சம்பளத்துக்குள் அமுக்கிவிடுவார்கள்.

என் மகளுக்குக் களப்பணி கிடைத்திருக்கிறது. தனியாக ஊர் ஊராக அனுப்பலாமா? (தந்தை, காரிமங்கலம்)

மகள் என்ன சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லையே! நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், இருக்கிறதா? மாலைக் கூட்டங்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்புவார்களா? இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் தைரியமாக அனுப்புங்கள். அப்புறம், திட்டம் முடியும் தேதி. மூன்றாவது முறை சொல்கிறேன்.

காலநிலைத் தன்னார்வலர் சான்றிதழுக்கும் வேலை உத்தரவாதத்துக்கும் 8,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? (பாலக்கோடு)

கட்டாதீர்கள். வேலை கொடுப்பவன் பணம் கேட்க மாட்டான்.

மாந்தோப்பு விவசாயிகளைக் கார்பன் கிரெடிட் (மரம் உறிஞ்சும் கார்பனைக் கணக்கிட்டு விற்கும்) திட்டத்தில் சேர்க்கும் வேலை. ஏக்கருக்குக் கமிஷன். நல்ல வேலையா? (போச்சம்பள்ளி)

ஒப்பந்தத்தை நீங்கள் படித்தீர்களா? எத்தனை ஆண்டு, நடுவில் பட்டுப்போன மரத்தை வெட்டலாமா, பணம் எப்போது வரும், அதில் விவசாயிக்கு எவ்வளவு, நிலம் கைமாறினால் என்ன? இந்த ஐந்துக்கும் தமிழில் எழுத்தாகப் பதில் இல்லாவிட்டால் கையெழுத்து வாங்கப் போகாதீர்கள். கம்பெனி பெங்களூருவுக்கோ மும்பைக்கோ போய்விடும். மாம்பழக் கூழ் ஆலை விலை கொடுக்காத ஆண்டில் தோப்பை அழிக்க நினைக்கும் மாமா உங்களைத்தான் சந்தையில் நிறுத்திக் கேட்பார். மாதச் சம்பளம் கொடுத்தால் யோசிக்கலாம், கமிஷன் என்றால் வேண்டாம்.

விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். பார்த்துத் திருத்தித் தர முடியுமா? (மொரப்பூர்)

பார்த்தேன். நான்கு பக்கம், அதில் ஒன்றரைப் பக்கம் பள்ளிக் கூடத்துப் பேச்சுப் போட்டிப் பரிசுகள். இரண்டு பக்கமாகக் குறையுங்கள். உங்கள் அப்பாவின் ஆட்டுப்பட்டியை ஐந்து ஆண்டு கவனித்துக்கொண்டதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், விண்ணப்பத்தில் காணோம். முதல் பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். கைபேசி எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது.