கோப்பை நிறைய நுரையா? குழாயை அளந்து பாருங்கள்

கெக்கிலிருந்து (பீர் அடைத்த உலோகப் பீப்பாய்) ஊற்றினால் கோப்பை நிறைய நுரைதான் வருகிறது, குழாய் ஒன்றரை மீட்டர் என்று கேட்டிருந்தீர்கள். 4 டிகிரி செல்சியஸ் குளிர், 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு) வாயு அழுத்தம் என்கிறீர்கள், அதில் குறையே இல்லை. இடிப்பது அந்த ஒன்றரை மீட்டர் குழாய்தான். கெக்கிலிருந்து வரும் பீர் வழியில் உராய்ந்து வேகம் தணிய வேண்டும். இல்லையென்றால் சீறிக்கொண்டு வந்து, கரைந்திருந்த வாயுவை ஒரே மூச்சில் விட்டுவிடும். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை 3 மீட்டர் நீளத்துக்குப் போடுங்கள்.

அழுத்தத்தைக் குறைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். நான் அப்படிச் செய்து ஒரு கெக் முழுக்கச் சப்பென்று ஆகிவிட்டது.

முதல் கோப்பை மட்டும் நுரைத்து, கையோடு ஊற்றும் இரண்டாவது சரியாக வருகிறதா? அப்படியானால் வெதுவெதுப்பாகக் கிடக்கும் திருகுமுனையும் (குழாயின் முனையில் பீரைத் திறந்து மூடும் பகுதி) குற்றவாளிதான். அதுவும் குளிர்ந்திருக்க, குளிர்பெட்டிக்குள் சிறு விசிறி வையுங்கள். ஊற்றும்போது திருகுமுனையை முழுதாகத் திறங்கள். பாதி திறந்தால் அதுவே நுரைக்கும்.