கோப்புப் பாடத்தை மகள் ஊன்றிப் படிக்கட்டும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் தந்தைக்கு வணக்கம்.

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், ஜாவா என்னும் நிரல் மொழியில் கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதுமான ஒரே பாடத்தில் பல வாரங்களாக நிற்கிறார் என்றும், உடன் படிப்பவர்கள் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டார்கள் என்றும் வருந்தியிருக்கிறீர்கள். குறுவை நெல் விற்ற பணத்தை அவசரப்பட்டு எந்தப் பயிற்சி மையத்திலும் கட்டிவிடாதீர்கள். வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என எங்கு வேலைக்குப் போனாலும், தரவைச் சிதையாமல் எழுதி, சிதையாமல் திரும்பப் படிக்கத் தெரிந்தவர்தான் தேவைப்படுவார்.

நேரடி கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லைப் பதிவு செய்யும் சிறு நிரல் ஒன்றை அவர் எழுதட்டும்: விவசாயி பெயர், 40 கிலோ மூட்டைகளின் எண்ணிக்கை, ஈரப்பத விழுக்காடு. கோப்பில் எழுத ஜாவா தரும் கருவியான ஃபைல்ரைட்டரைக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்துத் திறந்தால் நேற்றைய பதிவுகள் முழுவதும் அழிந்துவிடும். இரண்டாவது மதிப்பாக ட்ரூ (‘ஆம்’) என்று கொடுத்தால்தான் புதிய வரிகள் பழையவற்றின் கீழே சேரும். எழுதுவதைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் பஃபர்ட்ரைட்டரில் எழுதியவை முதலில் நினைவகத்தில் தேங்கி நிற்பதால், கோப்பை மூடாமல் விட்டால் கடைசிப் பதிவுகள் வட்டுக்குப் போய்ச் சேராமலே போகலாம். இடையில் பிழை நேர்ந்தாலும் கோப்பைத் தானாக மூடிவிடும் ‘ட்ரை’ கட்டளை வடிவம், 2011-இல் வெளிவந்த ஜாவா 7 முதல் இருக்கிறது. அதையே அவர் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே எழுதிப் பார்ப்பது மிகவும் நல்லது. எழுத்துகளைக் கணினி எண்களாக மாற்றிச் சேமிக்கும் விதமே குறிமுறை. யுடிஎஃப்-8 என்ற குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) எடுப்பதால், அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள் கொண்ட ‘அம்மா’ 15 பைட் ஆகிறது. 2022-இல் வந்த ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகள் இயங்குதளத்தின் குறிமுறையையே இயல்பாக எடுத்துக்கொண்டதால், பல விண்டோஸ் கணினிகளில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகப் பதிவாகின. அப்படிப் பதிவானதை மீட்கவும் முடியாது. ஆகவே குறிமுறையை நிரலிலேயே வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

நேர்முகத் தேர்வில் இவற்றையெல்லாம் தாமே செய்து பார்த்த ஒருவர் காரணத்தோடு விளக்கும்போது, அது சான்றிதழை விட எடுபடும் என்று உறுதியாக நம்புகிறேன். பயிற்சி வகுப்பை மூன்றாம் ஆண்டில் யோசிக்கலாம். இப்போதைக்குத் தங்கள் வீட்டில் இருக்கும் சென்ற பருவத்து நெல் ரசீதுகளை மகளிடம் எடுத்துக் கொடுங்கள். நிரலைச் சோதிக்க உண்மையான தரவு அவருக்கு வேண்டும்.