ஐம்பது வயதுக்கு மேல் ஹொக்கி ஆடுபவருக்குத் தொடையிடுக்கு வலி: குடலிறக்கமா?

கேட்டவருக்கு 56 வயது. வாரம் ஒரு இரவு ஐஸ் ஹொக்கி ஆடுகிறார். வலது தொடையிடுக்கில் ஒரு மாதமாக வலி, வீக்கம் எதுவும் இல்லை. குடலிறக்கம்தானா, சத்திர சிகிச்சை வேண்டிவருமா என்று அஞ்சுகிறார்.

நான் வைத்தியன் அல்லன். ரொறன்ரோவில் ஐம்பது கடந்தவர்களின் அணியொன்றில் ஆடுகிறவன். இடப்பக்கம் குடலிறக்கம் வந்து தைத்தாயிற்று. வலப்பக்கம் உள்தொடைத் தசை இழுத்து ஒரு குளிர்காலம் முழுக்க நொண்டியாயிற்று. நீங்கள் சொல்வது எனக்கு இரண்டாவதைத்தான் நினைவூட்டுகிறது.

எங்கள் உடைமாற்றும் அறையில் யார் தொடையிடுக்கைப் பிடித்தாலும் 'ஹேர்னியா' என்று தீர்ப்பு வந்துவிடும். ஆனால் எனக்கு வந்த குடலிறக்கம் பெரிதாக வலிக்கவே இல்லை. நின்றால் எலுமிச்சை அளவில் ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும். இருமினால் வைத்த விரலில் வந்து இடிக்கும். மாலையானால் ஒரு கனம், அவ்வளவுதான். தசை இழுப்பு அப்படியல்ல. பனியில் காலால் தள்ளிய முதல் சில தள்ளல்களிலேயே சுரீரென்றது. கொஞ்சம் சூடேறியதும் அடங்கியது. மறுநாள் காலை காரிலிருந்து காலை வெளியே எடுக்க முடியவில்லை.

ஸ்கேட்டில் ஒவ்வொரு தள்ளலிலும் கால் பக்கவாட்டில் விரிந்து போகிறது. அதைத் தடுத்து உள்ளே இழுத்து வருவது உள்தொடைத் தசை, அதுவும் நீண்ட நிலையில். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கித் தொடரான என்.எச்.எல். வீரர்களிடம் செய்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், உள்தொடைத் தசையின் வலு வெளிப்புறத் தசையின் வலுவில் 80 வீதத்துக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு இழுப்பு வரும் வாய்ப்பு 17 மடங்காக இருந்தது. அவர்கள் இளைஞர்கள், நாள்தோறும் பயிற்சி செய்கிறவர்கள். நாமோ வாரம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு இரவு பத்தரைக்குப் பனித்தளத்தில் இறங்குகிறோம்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, அவற்றுக்கிடையில் மடக்கிய கையை வைத்து முழங்கால்களால் அழுத்திப் பாருங்கள். வழக்கமான வலி அதே இடத்தில் எழுந்தால் தசையின் மீதுதான் சந்தேகம். இன்னொன்றையும் கவனியுங்கள், நம் வயதில் இதைப் பலர் தவறவிடுகிறார்கள்: இடுப்பு மூட்டுத் தேய்மானமும் தொடையிடுக்கில்தான் வலிக்கும். ஸ்கேட் கயிறு கட்டக் குனிவதே பாடாக இருந்தால், பாதத்தை வெளியே திருப்பி முழங்காலை உள்ளே சாய்க்கும்போது வலித்தால், மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'ஸ்போர்ட்ஸ் ஹேர்னியா' என்று யாராவது சொன்னால் குழம்பாதீர்கள். அதில் பெரும்பாலும் குடல் எங்கும் இறங்குவதில்லை. அடிவயிற்றுத் தசைநார்கள் இடுப்பெலும்பைப் பற்றுமிடத்தில் நைந்துபோவதுதான். ஸ்கேன் அறிக்கையை மட்டும் நம்பிச் சத்திர சிகிச்சைக்குப் போவதும் எனக்கு உடன்பாடில்லை. எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடமும் ஸ்கேன் சிறு குடலிறக்கத்தைக் காட்டுவதுண்டு. அதைத் தைத்தாலும் தசை வலி அப்படியே இருக்கும்.

தசைதான் என்றால் ஓய்வும் மசாஜும் போதாது. 1999இல் டென்மார்க்கில், நாட்பட்ட உள்தொடை வலியுள்ள விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். தசையை வலுவாக்கும் பயிற்சி செய்தவர்களில் 79 வீதம் பேர் வலியின்றிப் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினர்; மசாஜ், லேசர் போன்றவை பெற்றவர்களில் 14 வீதம் மட்டுமே. பயிற்சிக்கு இரண்டு, மூன்று மாதம் பொறுமை வேண்டும். முழங்காலிடையே பந்தை அழுத்துவதிலிருந்து தொடங்குங்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் படிப்படியாகக் கூட்டித் தருவார்.

உண்மையான குடலிறக்கமாகவே இருந்தாலும் பதற்றம் வேண்டாம். தொல்லை குறைந்த ஆண்களைக் கவனித்துக் காத்திருக்க வைத்த அமெரிக்க ஆய்வில் (2006) குடல் சிக்கி அவசர நிலை வந்தது ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. ஆனால் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இருவர், பெரும்பாலும் வலி கூடியதால், தைத்துக்கொண்டார்கள். ஒன்ராறியோவில் இருந்தால் தோர்ன்ஹில்லில் உள்ள ஷோல்டைஸ் மருத்துவமனை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1945 முதல் குடலிறக்கம் மட்டுமே அவர்கள் வேலை. பெரும்பாலும் செயற்கை வலை வைக்காமல் சொந்தத் தசைப்படலங்களையே அடுக்கித் தைக்கிறார்கள். எடை கூடியவர்களை முதலில் இளைத்து வரச் சொல்வார்கள். ஹொக்கிக்காரர்களில் பாதிப்பேருக்கு அதுவே பெரிய சிகிச்சை.

புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, வலி கூடி, வாந்தியும் வந்தால் குடும்ப வைத்தியருக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். விதையில் திடீர் வலி என்றாலும் அப்படியே. சிறுநீரில் இரத்தம் கண்டால் வைத்தியரிடம் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள். அதற்கும் ஹொக்கிக்கும் தொடர்பில்லாமல் இருக்கலாம்.