சிக்லிட் தொட்டியில் செடி நிற்குமா? வந்த கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதியில், தொட்டி எத்தனை லீட்டர், உள்ளே என்ன மீன் என்ற விபரமே இல்லை. நான் சாத்திரம் பார்க்கிறவன் இல்லை. தந்த விபரத்துக்குத்தான் பதில். புதியவர்களுக்கு ஒரு வரி: சிக்லிட் ஒரு மீன் குடும்பம், இங்கே பேச்சு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட் பற்றித்தான், செடியைக் கடிக்கும், வேரைக் கிண்டும்.

கேள்வி: மலாவி சிக்லிட் தொட்டிக்குச் சாகாத செடி ஒன்று சொல்லுங்கள். (உப்புவெளி)

அனுபியஸ். இலை தோல் மாதிரித் தடிப்பு, மீன் ஒருதரம் கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். இரண்டாவது ஜாவா ஃபேர்ன். இரண்டையும் கல்லோடு தங்கூசியால் கட்டுங்கள். கிழங்கை மணலில் புதைக்க வேண்டாம், அழுகும்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆப்பிரிக்க சிக்லிட்டுக்கு நல்லதுதானே? (சாம்பல்தீவு)

இல்லை. உப்பு வேறு, வன்மை வேறு. கேத்திலில் வெள்ளையாகப் படிந்தால் அது வன்னீர், கல்சியமும் மக்னீசியமும். நாக்கில் கரித்தால் அது உவர். கரையோரக் கிணறுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மலாவி ஏரி நன்னீர் ஏரி, பி.எச். (அமில-கார அளவு) 8க்குக் கொஞ்சம் முன்பின், அவ்வளவுதான். லேசான உவரை வலிஸ்நேரியாவும் (நாடா மாதிரி இலை உள்ள நீர்ச்செடி) ஜாவா ஃபேர்னும் தாங்கும், மற்றச் செடிகளை நம்ப முடியாது. மழைத்தண்ணீர் பிடித்துக் கலவுங்கள்.

கேள்வி: வலிஸ்நேரியா வைத்தேன், காலையில் எல்லாம் மேலே மிதந்தது. (கிண்ணியா)

செடியில் பிழை இல்லை. காபனீரொட்சைட்டு குறைந்தால் வன்னீரில் இருக்கிற இருகாபனேற்றையே (பைகார்பனேட்) எடுத்து வாழக்கூடிய செடி அது, நம் தண்ணீருக்கென்றே செய்தது மாதிரி. கிண்டுகிறது உங்கள் எம்புனாதான் (மலாவி ஏரியின் பாறையோரச் சிக்லிட்). மீன் விட முதல் ஒரு மாதமாவது வேர் பிடிக்க விடுங்கள், சுற்றிவரக் கூழாங்கல் அடுக்குங்கள். மீன் ஏற்கனவே உள்ளே என்றால் சின்ன மண்சட்டியில் நட்டு இறக்குங்கள்.

கேள்வி: கடையில் தண்ணீர்ச் செடி என்று தந்த மூன்றும் பத்து நாளில் கூழாகிவிட்டன. வன்னீர் ஒத்துக்கொள்ளவில்லையா? (பாலையூற்று)

வன்னீரைக் குறை சொல்லாதீர்கள். படம் அனுப்பியதற்கு நன்றி, நீங்கள் ஒருவர்தான் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஒன்று அதிர்ஷ்ட மூங்கில், மற்றது வெள்ளைக்கோடு போட்ட ஸ்பைடர் பிளான்ட், மூன்றாவது சிவப்பிலைக் குரோட்டன் சாதி ஏதோ. மூன்றுமே தரைச்செடி. எனக்கும் இதே கதிதான் நடந்தது, முதல் தொட்டி வைத்த வருடம், நகரத்துக் கடையொன்றில் "தண்ணிக்குள்ள வருசக்கணக்கா நிக்கும்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி விற்றார்கள், இரண்டு கிழமையில் அழுகி, கூடவே நாலு மஞ்சள் லாப் மீனும் போய்விட்டன. செடி போனது பெரிதில்லை. அழுகும்போது அமோனியா வரும், பி.எச். 8க்கு மேலே, தண்ணீரும் 30 பாகை என்றால் அதே அமோனியா பல மடங்கு நஞ்சு. மென்னீர்க்காரர் தப்பிவிடுவார், நாம் தப்ப மாட்டோம். தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள்: துவண்டு விழுந்தால் அனேகமாக நீர்ச்செடி, விறைப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். அனுபியஸும் விறைப்பாகத்தான் நிற்கும், ஆனால் அதன் படுத்த கிழங்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த மூங்கில், மூங்கிலே இல்லை, டிரசீனா. மிஞ்சியிருந்தால் எறிய வேண்டாம், வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே இருக்கும்படி தொட்டி விளிம்பில் சொருகுங்கள். மணி பிளான்டும் அப்படித்தான், மீன் கழிவிலிருந்து சேரும் நைத்திரேற்றை நன்றாக இழுக்கும். வேரை மீன் கொஞ்சம் கொறிக்கும், பரவாயில்லை.

கேள்வி: ஜாவா ஃபேர்ன் இலைக்கு அடியில் கறுப்புப் புள்ளி. வெட்டவா? (மூதூர்)

வெட்டாதீர்கள். அது இலையிலேயே குட்டிச்செடி போடப் பார்க்கிறது.

கேள்வி: தண்ணீரை இன்னும் வன்மையாக்க நிலாவெளியில் பவளக்கல் பொறுக்கிப் போடலாமா? (முகவரி இல்லை)

முகவரி போடாதது புத்திசாலித்தனம். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாமலைத் தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே ஒரு துண்டும் எடுக்கக்கூடாது, கரையில் கிடந்தாலும் கை வைக்காதீர்கள். அதோடு, ஏற்கனவே பி.எச். 8 தாண்டிய தண்ணீரில் பவளம் கரையவே கரையாது, சும்மா இடத்தைத்தான் பிடிக்கும்.

கேள்வி: வெண்டியை வைக்கலாமா? நம் நாட்டுச் செடியாமே. (தம்பலகாமம்)

கிரிப்டோகோரைன் வெண்டியைச் சொல்கிறீர்கள். ஆம், இலங்கைச் செடிதான், வன்னீரையும் தாங்கும். நட்டவுடன் இலை எல்லாம் கரையும், பயந்து பிடுங்கினால் கதை முடிந்தது, வேர் இருந்தால் புது இலை வரும். கிண்டுகிற மீனோடு வைக்க வேண்டாம். ஓடையில் பிடுங்காமல் வளர்த்து விற்பவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: கச்சான் காற்று அடிக்கிற வெயில் காலத்தில் செடியெல்லாம் வாடுகிறது. (நிலாவெளி)

தண்ணீர் 31, 32 போயிருக்கும். ஜாவா ஃபேர்னுக்கு அது கூடுதல். மூடியைத் திறந்து மேசைவிசிறியைத் தண்ணீர் மேல் திருப்பிவிடுங்கள், இரண்டு மூன்று பாகை இறங்கும், மீன் பாயாமல் மேலே வலை போடுங்கள். தண்ணீர் வேகமாக வற்றும், அப்போது வற்றிய அளவுக்கு மழைத்தண்ணீர் விடுங்கள், கிணற்றுத் தண்ணீர் விட்டால் வன்மை ஏறிக்கொண்டே போகும். புதிதாக அனுபியஸ் ஏதும் வாங்கியிருந்தால், கிழங்கைப் புதைக்க வேண்டாம்.