சுவரில் தொங்கும் தாளை வாசித்தீர்களா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாசிக்குடாவில் ஒரு வீட்டை முகநூலில் பார்த்து, மூன்று நாள் தங்குவதற்கு 25,000 ரூபா முற்பணம் வங்கியில் போட்டேன். பிள்ளைகளோடு போய் இறங்கினால் அந்த வீட்டில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. வாடகைக்கு விடுவதே இல்லையாம். பணம் வாங்கியவரின் தொலைபேசி நின்றுவிட்டது.
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம், தங்கச்சி. அடுத்தவர் வீட்டுப் படத்தைக் காட்டிப் பணம் பறித்தவன்தான் குற்றவாளி. வங்கிச் சீட்டு, கணக்கு இலக்கம், அவன் அனுப்பிய செய்திகளின் பிரதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இன்றே பொலிஸுக்குப் போங்கள். வங்கிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். உண்மையாகவே நடக்கும் விடுதி ஒன்று ஏமாற்றியிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு (தொலைபேசி 1977) மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். ஆனால் உங்களுக்கு நடந்தது மோசடி, முதலில் பொலிஸ்தான்.

கேள்வி: கல்லடியில் எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் வெறுமனே கிடக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்க நினைக்கிறோம். வியாபாரப் பெயர் பதிந்துவிட்டோம். அது போதும் என்கிறார் மைத்துனர்.

பதில்: போதாது. இந்த ஒரு தவறால் எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வெந்துவிட்டது. வியாபாரப் பெயர்ப் பதிவு, இந்தப் பெயரில் தொழில் செய்பவர் இன்னார் என்று மட்டும்தான் சொல்லும். அந்தக் கட்டடத்தில் ஆட்களைத் தங்கவைக்கலாமா என்பதை உள்ளூராட்சி மன்றம் சொல்ல வேண்டும். கல்லடிக்கு அது மட்டக்களப்பு மாநகர சபை. அங்கே பெறும் வியாபார அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் மேலே, 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு இருக்கிறது. நீங்கள் அதே வீட்டில் குடியிருந்து அறை கொடுப்பதென்றால் ஹோம்ஸ்டே என்ற பிரிவைக் கேளுங்கள். மாநகர சபைக்குப் போகும்போது கட்டட வரைபடத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

அறுகம்குடாவில் நானும் இப்படித்தான் அகப்பட்டேன். வரவேற்பு மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் இலச்சினை போட்ட தாள் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்த நிம்மதியில் நான்கு நாள் வாடகையையும் முன்கூட்டியே கொடுத்தேன். இரண்டாம் நாள் குழாயில் உப்புத் தண்ணீர். கழிப்பறை நிரம்பி வழிந்தது. முறையிட நினைத்து அந்தத் தாளைக் கிட்டப் போய் வாசித்தேன். ஈரம் ஊறி மஞ்சளாகிப்போயிருந்தது. அது வியாபாரப் பெயர்ப் பதிவு, அதுவும் வேறொரு கடையின் பெயரில். மிச்சப் பணம் திரும்பி வரவில்லை. உங்கள் வீட்டுக்கு வருகிறவருக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

கேள்வி: பற்றுச்சீட்டு கேட்டால் விடுதிக்காரர் முகம் சுளிக்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். சீட்டு எழுதாத கையில் பணம் வைக்காதீர்கள்.

கேள்வி: பொத்துவில் பக்கம், கடலிலிருந்து 80 மீற்றரில் ஒரு வளவை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்து நான்கு கபானா (கடற்கரைக் குடில்) போட்டுவிட்டேன். வெள்ளைத்தாளில் கையெழுத்து இருக்கிறது. இப்போது அது அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் ஒருவருக்குக் கொடுத்த காணி என்கிறார்கள்.

பதில்: தம்பி, பணம் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கபானா எழுந்த பிறகு கேட்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அதுதான். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. கடல் ஏறி வரும் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் விசாரிக்கவில்லை. பிரதேச செயலகக் காணிப் பிரிவில் ஒரு காலைப்பொழுது செலவழித்திருந்தால் போதும். இனி ஒரு கல்லும் வைக்காதீர்கள். சட்டத்தரணியைப் பார்த்து, காணிக்காரரிடம் கொடுத்த பணத்தை மீட்க வழி கேளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் பாசிக்குடாவில் பாதி விலைக்கு அறை தருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: அது வடகீழ்ப் பருவமழைக் காலம். கடலில் குளிக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். மழையும் பிள்ளைகளுமாக வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கும் என்றால் எடுங்கள். கூரை ஒழுகுமா, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.