பக்கத்துச் சீட்டின் போன் சத்தம்: ஏழெட்டு மணிநேர ரயிலில் என்ன செய்யலாம்?

கேள்வி: மாதம் ஒரு தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்வருகிறேன். அம்மா சற்று உறங்கட்டும் என்றுதான் ஏசி பெட்டியில் சீட் எடுக்கிறேன். ஆனால் சாதாரண இரண்டாம் வகுப்பைவிட அங்கேதான் சத்தம் கூடத் தெரிகிறது. ஒருவர் ஸ்பீக்கரில் வட்ஸ்அப் கோல் கதைப்பார், இன்னொருவர் வீடியோ போடுவார். சத்தத்தைக் குறைக்கும் இயர்பட்ஸ் விலை கொடுத்து வாங்கினேன், பெரிதாகப் பயனில்லை. போன தடவை ஒரு பொடியனிடம் சொல்லப்போய் வாக்குவாதமாகிவிட்டது. என்ன வழி? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: ஏசி பெட்டியில் சத்தம் கூடத் தெரிகிறது என்று நீங்கள் சொல்வது மனப்பிரமை இல்லை. இரண்டாம் வகுப்பில் யன்னல் திறந்திருக்கும். சில்லுச் சத்தமும் காற்றும் உள்ளே வந்து நான்கு சீட் தள்ளி யார் என்ன கதைக்கிறார் என்பதை மூடிவிடும். ஏசி பெட்டியில் யன்னல் அடைபட்டிருப்பதால் அந்த இரைச்சல் வெளியே நின்றுவிடுகிறது. மிஞ்சுவது மனிதக் குரல். மொத்தச் சத்தம் குறைவுதான், ஆனால் குரல் தெளிவாகக் கேட்கிறது. காதைத் தொந்தரவு செய்வது சத்தத்தின் அளவைவிட அதன் தெளிவுதான். இது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

போன் கதை ஏன் இவ்வளவு எரிச்சல் தருகிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்தார்கள். இரண்டு பேர் கதைப்பதை முழுவதுமாகக் கேட்டவர்களைவிட, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவர்களுக்குத்தான் கவனம் அதிகம் சிதறியது. மறுமுனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மூளை தானாக ஊகிக்கத் தொடங்கிவிடும், நாம் வேண்டாம் என்றாலும் நிறுத்தாது. அதிலும் தெரிந்த மொழியாக இருந்தால் கேட்காமலிருப்பது இன்னும் கஷ்டம். தமிழும் சிங்களமும் விளங்கும் கொழும்புக்காரருக்கு இரண்டு பக்கமும் அடி.

இயர்பட்ஸ் ஏன் ஏமாற்றியது என்பதற்கு வருவோம். சத்தத்தை எதிரலை கொண்டு அழிக்கும் கருவிகள் தாழ்ந்த சுருதியுள்ள, மாறாமல் ஓடும் இரைச்சலில்தான் கெட்டி. சுமார் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள என்ஜின் உறுமல், சில்லு ஓட்டம், ஏசி காற்று எல்லாவற்றையும் நன்றாக அடக்கும். பேச்சு விளங்குவதற்குத் தேவையான ச, த, க போன்ற மெய்யொலிகளின் கூர்மை அதற்கு மேலே இருக்கிறது. போன் ஸ்பீக்கர் சின்னது, அடித்தொனியே வராது, காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில்தான் அது கத்துகிறது. ஆகவே நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்தும்போது ரயிலின் உறுமல் போய்விடுகிறது, பக்கத்துச் சீட்டுக்காரரின் மைத்துனர் காணிப் பிரச்சினை இன்னும் தெளிவாக வந்து சேர்கிறது.

இதற்கு மருந்து, அகற்றிய உறுமலுக்குப் பதிலாக வேறோர் இரைச்சலைப் போடுவது. பாட்டு வேண்டாம், பாட்டுக்குள் இடைவெளி வரும், அந்த இடைவெளியில் குரல் நுழையும். தொடர்ந்து பெய்யும் மழைச் சத்தம், அல்லது 'பிரவுன் நொய்ஸ்' எனப்படும் தடித்த இரைச்சல் நல்லது. வீட்டிலிருந்தே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வழியில் பல இடங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஒலியளவைப் பாதிக்கு மேல் ஏற்றவேண்டாம். வாரத்துக்கு 40 மணிநேரம், 80 டெசிபல் என்பதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் பாதுகாப்பான எல்லை. பக்கத்தில் இருந்து சாதாரணமாகக் கதைப்பது 60 டெசிபல் அளவுதான் வரும் என்பதால், அதை மூட அவ்வளவு சத்தம் தேவையும் இல்லை. இன்னொன்று: சின்ன இயர்பட்ஸில் பல ஐந்தாறு மணிநேரத்தில் மூச்சு விட்டுவிடும். உங்கள் பயணம் அதைவிட நீளம். காதை முழுவதும் மூடும் ஹெட்போன்தான் தாங்கும். இல்லையென்றால் கூடவே பவர் பாங்க்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்றால், பார்மசியில் கிடைக்கும் மெத்தென்ற பஞ்சுநுரைக் காதடைப்பான் போதும், சரியாகப் போட்டால். அந்தச் 'சரியாக' என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கையைக் கழுவி, அடைப்பானை இரு விரலுக்கிடையில் சுருக்கம் விழாமல் ஊசிபோல் மெல்லிதாக உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காதுமடலை மேலேயும் பின்னேயும் இழுங்கள், அப்போது வளைந்த காதுக்குழாய் நேராகும். அடைப்பான் விரியுமுன் உள்ளே தள்ளி, விரல் நுனியால் 20 முதல் 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். விரலை உடனே எடுத்தால் அது விரியும்போது வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பாதிக்கு மேல் வெளியே நின்றால் போடவில்லை என்றே கணக்கு. சோதிக்க ஒரு வழி: இரு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திவிட்டு எடுங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் சரியாக அடைத்திருக்கிறது. பெட்டியில் 30 டெசிபலுக்கு மேல் குறைக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள், அது ஆய்வுக்கூடக் கணக்கு, நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. உயர்ந்த சுருதிகளை இது கூடுதலாக வெட்டுவதால் குரல் முனகலாகி, சொல் விளங்காமல் போய்விடும். நமக்கு வேண்டியதும் அதுதான். வீட்டுப் பஞ்சை உருட்டி அடைப்பதில் பெரிதாக ஒன்றும் குறையாது. காதில் சீழ், வலி, செவிப்பறையில் துளை உள்ளவர்கள் அடைப்பானைத் தொடவேண்டாம். எடுக்கும்போது மெதுவாகத் திருகி எடுங்கள், வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும்.

சீட் விஷயத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சில்லுகள் பெட்டியின் இரு முனைகளுக்கு அருகில் இருப்பதால் உறுமலும் அதிர்வும் முனைகளில் அதிகம், நடுவில் குறைவு. உறுமல்தான் பிரச்சினை என்றால் நடுப்பெட்டி. மனிதக் குரல்தான் பிரச்சினை என்றால், முனையிலிருந்து மூன்று நான்கு வரிசை உள்ளே இருப்பதே எங்கள் தெரிவு. உறுமல் குரலை மூடும், கதவடியில் நின்று கதைப்பவர்களிடமிருந்து தூரமும் கொஞ்சம் கூடும். கடைசி வரிசையை மட்டும் எடுக்காதீர்கள். கழிப்பறைக் கதவு, பெட்டிகளுக்கிடையே போகும் கதவு, மிதிபலகையில் காற்று வாங்க நிற்பவர்கள் எல்லோரும் அங்கேதான். எதிரெதிராக நாலு பேர் அமரும் சீட்டுகளையும் தவிருங்கள். கூட்டமாகப் போகிறவர்கள் தேடிப் பிடிப்பது அவற்றைத்தான். பவர் செட் ரயில்களில், அதாவது தனி என்ஜின் இல்லாமல் பெட்டியோடு என்ஜின் சேர்ந்தே வரும் ரயில்களில், என்ஜின் உள்ள பெட்டிக்கு அடுத்துள்ளதில் தொடர்ந்து இரைச்சல் இருக்கும். சிலருக்கு அது தாலாட்டு. ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். இணையத்தில் எடுக்காமல் கவுன்டரில் எடுத்தால் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்க்கலாம்.

நாளையும் பாருங்கள். வெள்ளி மாலை வடக்கே போவதும் ஞாயிறு மாலை கொழும்பு திரும்புவதும் நெரிசல். போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறையில் நயினாதீவு போகும் குழுக்களும், பொசன் காலத்தில் அநுராதபுரம் போகும் குழுக்களும் ஏறும். டோல்கியும் பைலாவும் இல்லாமல் நம் ஊரில் ஒரு குழுப் பயணம் ஏது? அந்த நாளில் அவர்களை அமைதியாக்கப் பார்ப்பது கடலை வாளியில் அள்ளும் வேலை. அடுத்த நாள் சீட் எடுப்பதே கெட்டித்தனம்.

இனி, கேட்பது. இங்கேதான் போன தடவை பிசகியிருக்கும் என்று தோன்றுகிறது. பெரும்பாலானவர்கள் ஒன்றரை மணிநேரம் பொறுத்து, உள்ளுக்குள் கொதித்து, பிறகு வாயைத் திறக்கிறார்கள். அப்போது வருவது வேண்டுகோளாக இருக்காது, தீர்ப்பாக இருக்கும். சத்தம் தொடங்கி பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள், குரலில் இன்னும் சிரிப்பு மிஞ்சியிருக்கும்.

நேரம் பார்த்துக் கேட்கவும் ஒரு நுட்பம் உண்டு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911இல் விளக்கியது, இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். ரயில் ஓடும்போது உரக்கக் கதைத்துக்கொண்டிருந்தவர், எதிர் ரயிலுக்காக ஒற்றைப் பாதையில் வண்டி நிற்கும்போதும் அந்த உச்சத்திலேயே சில வினாடி தொடர்வார். பெட்டி முழுக்க அவர் குரல் ஒன்றே கேட்கும். தலைகள் திரும்பும். அவருக்கே அது உறைக்கும். அந்தக் கணத்தில் கேளுங்கள். நீங்கள் கத்தத் தேவையில்லை, அவருக்கும் காரணம் சொல்லி விளக்கத் தேவையில்லை. ஓடும் ரயிலில் இரண்டு வரிசை தள்ளி இருந்து கேட்டால் நீங்களும் உரத்துத்தான் கேட்கவேண்டும். அது சண்டை பிடிப்பதுபோலவே அவருக்குக் கேட்கும், பெட்டிக்கும் கேட்கும். ஆகவே எழுந்து பக்கத்தில் போய், குனிந்து, தாழ்ந்த குரலில்.

சொல்லும் சொற்கள்: "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறீங்களா? அம்மாவுக்குத் தலையிடி, படுக்க ஏலாமல் இருக்கிறா." சிங்களத்தில், "மல்லி, சத்தே டிக்கக் அடு கரன்ன புளுவன்த? அம்மாட்ட நிந்த யன்னே நே." வயதுக்கேற்ப அண்ணா, அக்கா, ஐயா என்றோ, ஐயே, அக்கே என்றோ மாற்றிக்கொள்ளுங்கள். சிங்களத்தில் உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை, முயற்சி எடுத்ததே முகத்தை இளகவைக்கும். 'நிறுத்துங்கள்' என்று கேட்காமல் 'குறையுங்கள்' என்று கேளுங்கள். குறைப்பதில் மானம் போகாது. 'எல்லாருக்கும் இடைஞ்சல்' என்று சொல்லாதீர்கள். பெட்டி முழுவதையும் சாட்சிக்கு இழுத்தால் பொடியன் நண்பர்கள் முன்னால் பின்வாங்கமாட்டான். குழுவாக இருந்தால் ஸ்பீக்கர் வைத்திருப்பவரை விட்டுவிட்டு, குழுவில் வயதில் மூத்தவர் போலத் தெரிபவரிடம் மெல்லச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

பையில் ஒரு வயர் இயர்ஃபோன் கூடுதலாக வைத்திருங்கள், சில நூறு ரூபாதான். புதிய போன்கள் பலவற்றில் 3.5 மில்லிமீற்றர் துளை இல்லை, ஆகவே டைப்-சி முனை உள்ளதாகப் பாருங்கள். "இயர்ஃபோன் இல்லையோ? இதைப் போடுங்கோ" என்று நீட்டினால் பத்தில் எட்டுப்பேர் வெட்கப்பட்டே அணைத்துவிடுவார்கள். மற்ற இரண்டு பேர் உண்மையிலேயே வாங்கிக் கொள்வார்கள், திரும்பத் தராமலும் போகலாம். அந்தச் செலவு டிக்கெட்டோடு சேர்ந்தது.

வயதானவர் ஸ்பீக்கரில் கதைத்தால் சற்று யோசியுங்கள். காது மந்தமானவருக்குப் போனைக் காதில் வைத்தால் எதுவுமே விளங்காது. சத்தத்தைக் குறைக்கச் சொல்வது கதைக்கவேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். இயர்ஃபோனை அவருக்குப் போட்டுக் கொடுத்தால்தான் வேலை முடியும். கைக்குழந்தை அழுதால் கேட்பதற்கு ஒன்றுமில்லை, யன்னலோரச் சீட்டைக் கொடுத்தால் பாதி நேரம் அடங்கும். காட்டூன் பார்க்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தாயிடம் சொல்லலாம், அவவும் களைத்துப்போய்த்தான் போனைக் கொடுத்திருப்பா, ஆகவே குரல் இன்னும் மெதுவாக.

ஒரு தடவை கேட்டு நடக்காவிட்டால் இரண்டாம் தடவை நீங்கள் கேட்கவேண்டாம். டிக்கெட் பரிசோதகர் வரும்போது சொல்லுங்கள். வராவிட்டால் வண்டி நிற்கும் நிலையத்தில் கொடியோடு மேடையில் இறங்கும் கார்டைப் பிடிக்கலாம். மாகோ, அநுராதபுரம், வவுனியா போன்ற பெரிய நிலையங்களில் அதற்கு நேரம் கிடைக்கும். பெட்டி இலக்கம், சீட் இலக்கம், என்ன சத்தம் என்று மூன்றே விடயம் சொல்லுங்கள். 'ஒரே சத்தம்' என்று மட்டும் சொன்னால் அவர் எந்தப் பெட்டிக்குப் போவார்? மேடையில் இறங்குவது நீங்கள், அம்மா உள்ளேயே இருக்கட்டும்.

குடித்துவிட்டு வம்புக்கு வருவதையும், பெண்களைச் சீண்டுவதையும் சத்தப் பிரச்சினையோடு சேர்க்கவேண்டாம். அங்கே 'கொஞ்சம் குறையுங்கோ' எல்லாம் கிடையாது. இடத்தை விட்டு எழுந்து ஆட்கள் அதிகமுள்ள பெட்டிக்குப் போய், கார்டிடம் சொல்லி, 119க்கு அழையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

காதை அடைத்துக்கொண்டு தூங்குவதில் ஒரே ஆபத்து, இறங்குமிடம் தவறுவது. யாழ்ப்பாணத்தில் இறங்கவேண்டியவர் காங்கேசன்துறை வரை போய்விடலாம். போனை நடுக்க முறையில் போட்டு, கொடிகாமம் வரும் நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்து, சட்டைப்பையிலோ இடுப்போடு ஒட்டியோ வையுங்கள். கைப்பையின் வாரைக் கையிலோ காலிலோ ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு காதை மட்டும் அடைத்து அம்மா பக்கத்துக் காதைத் திறந்து வைத்தால், அவ கூப்பிடுவது கேட்கும்.