புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிரிஸ்டலில் வசிக்கும் எங்களைப் பார்க்க ஆகஸ்ட் மாதம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். தென்மேற்கு இங்கிலாந்தில் உள்ள எக்ஸ்மூர் தேசியப் பூங்காவின் மேட்டுவெளி, கடலோரம், மரம் அடர்ந்த பள்ளத்தாக்கு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். கார் ஒன்றுதான் இருக்கிறது என்பதால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. எந்தப் பாதை ஏற்றது?

பதில்: கடலோர ஊரான லின்மத்தில் காரை நிறுத்திவிட்டுக் கடலோரப் பாதையில் கவுன்டிஸ்பரிக்கு ஏறி, அங்கிருந்து வாட்டர்ஸ்மீட்டுக்கு இறங்கி, கிழக்கு லின் ஆற்றை ஒட்டியே லின்மத்துக்குத் திரும்பும் சுற்றைத்தான் பரிந்துரைப்பேன். நீங்கள் கேட்ட மூன்று நிலங்களும் அதில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. ஆனால் எந்தத் திசையில் சுற்றுவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. காலையில், கால்கள் தளராமல் இருக்கும்போதே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிட வேண்டும். மேட்டுவெளியில் காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்க இடமில்லை. மேகம் இறங்கிவிட்டால் பாதையும் மறைந்துவிடும். மேலே இருக்கும்போது வானம் கறுத்தால் வந்த வழியே இறங்கிவிடலாம். நடையின் இறுதியில் களைத்த நிலையில் அங்கே சிக்கிக்கொள்வது வேறு விஷயம். பள்ளத்தாக்கைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால், ஆறு ஓடும் திசையிலேயே மரநிழலில் இறங்கி வந்து சேரலாம்.

ஏறும் வழியில் இடப்புறம் பிரிஸ்டல் கால்வாய் விரிந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் எதிர்க்கரையில் வேல்ஸ் தெரியும். ஆகஸ்ட் என்பதால் மேட்டுவெளியில் ஊதா நிற ஹெதர் செடியும் மஞ்சள் நிற கோர்ஸ் முட்புதரும் ஒன்றோடொன்று பின்னிப் பூத்திருக்கும். 1899 ஜனவரியில், புயலில் தவித்த ஒரு கப்பலுக்கு உதவ, லின்மத் மக்கள் தங்கள் உயிர்காப்புப் படகைக் கடலில் இறக்க முடியாமல், குதிரைகளைப் பூட்டி இந்தக் கவுன்டிஸ்பரி மேட்டின் வழியாகவே இரவோடு இரவாக போர்லாக் வரை இழுத்துச் சென்றார்கள். ஏறி மூச்சு வாங்கும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்டிஸ்பரி தேவாலயத்துக்கு அருகே ஏ39 சாலையைக் கடந்தபின் நிலம் சட்டென்று சரிகிறது. கடலின் ஓசை நின்று, ஓக் மரங்களுக்குள் ஆற்றின் ஓசை எழுகிறது. கிழக்கு லின் ஆறும் ஹோர் ஓக் வாட்டர் ஓடையும் கலக்கும் இடமே வாட்டர்ஸ்மீட். அங்கே 1832-இல் கட்டப்பட்ட மீன்பிடி விடுதி இன்று, பாரம்பரிய இடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டின் பராமரிப்பில் உள்ளது.

அப்பாவை இந்தச் சுற்று முழுவதும் அழைத்துச் செல்ல வேண்டாம். முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பகை. வாட்டர்ஸ்மீட்டுக்கு இறங்கும் சரிவு செங்குத்தானது. அம்மாவும் அப்பாவும் லின்மத்திலிருந்து ஆற்றோரமாக ஏறக்குறைய 3 கிலோமீட்டர் மெதுவாக நடந்து வாட்டர்ஸ்மீட்டில் காத்திருக்கட்டும். நீங்கள் மேட்டைச் சுற்றி வந்து அவர்களுடன் சேர்ந்துகொண்டால், திரும்பும் நடை குடும்பமாக அமையும். அந்தப் பாதையிலும் வேர்களும் பாசி படிந்த கற்களும் உண்டு என்பதால் கைத்தடி அவசியம்.

முந்தைய நாள் பலத்த மழை பெய்திருந்தால் ஆற்றோரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மேட்டுவெளியின் கரி மண் நீரைக் குடித்து நிறைந்துவிட்டால், மேற்கொண்டு பெய்வதெல்லாம் குறுகிய பள்ளத்தாக்குகள் வழியே ஒரே பாய்ச்சலாக லின்மத்தில் வந்து இறங்கும். 1952 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில்தான் 34 பேர் உயிரிழந்தார்கள்.

கேள்வி: பாதை சில இடங்களில் வேலி போட்ட வயலுக்குள் செல்கிறது. தனியார் நிலத்தில் நுழைவது சட்டப்படி சரியா?

பதில்: இங்கிலாந்தில் பொது வழியுரிமை உள்ள பாதை தனியார் வயலுக்குள் சென்றாலும் அதில் நடக்க எவருக்கும் உரிமை உண்டு. மஞ்சள் அம்பு நடைபாதையையும், நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட பாதையையும், ஓக் விதைச் சின்னம் தென்மேற்குக் கடலோரப் பாதை போன்ற தேசிய நெடும்பாதைகளையும் குறிக்கும். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மேட்டுவெளிகளின் பெரும்பகுதியில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். ஆனால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, அத்தகைய நிலங்களில் நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். வயலின் கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள். கன்றுடன் நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் புகாதீர்கள். நாயைப் பார்த்துப் பசு மிரண்டு பாய்ந்தால் நாயை விட்டுவிடுங்கள், அது ஓடித் தப்பிக்கும்.

கேள்வி: நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது? கைபேசி வரைபடம் போதுமா?

பதில்: 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆக, 10 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் கொண்ட சுற்றுக்கு இரண்டரை மணி. இதில் ஓய்வு நேரம் சேரவில்லை; குழந்தைகளோ பெரியவர்களோ உடன் வந்தால் இரு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னலை நம்ப முடியாது என்பதால், பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும், எக்ஸ்மூருக்கான ஓ.எல்.9 காகித வரைபடம் பையில் இருக்கட்டும்.